எல்ஈடி சுவர் வாங்க முதல் ஒரு வெள்ளைப் பக்கத்தைப் போட்டுப் பாருங்கள்



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, பொல்பிட்டியவிலும் மேலே தோட்டங்களிலும் இருந்து இதை வாசிக்கும் எல்லோருக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "இந்த சேர்மார் எதையும் செய்ய விடமாட்டாங்க" என்று கொமென்ட் போட வேண்டாம். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடசாலை ஹோலின் மேடைக்குப் பின்னால் பெரிய எல்ஈடி சுவர் ஒன்று வைக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் ஆசைப்பட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் படமும் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று சேர்க்கவும் தொடங்கிவிட்டார்கள். 3.84 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரம். விலைப்பட்டியலின் கடைசி வரி முப்பது இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அதைப் போய்ப் பார்த்து வரச் சொல்லி அனுப்பப்பட்ட மூன்று ஆசிரியர்கள் நாங்கள். பார்த்து வந்தோம். வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆசை வெறும் பகட்டு இல்லை. போன பரிசளிப்பு விழா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மழை. ஹோலுக்குள்ளே இடமில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மேல் டிவிசன்களிலிருந்து இறங்கி வந்த அம்மாமார் வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி எங்களில் ஒருவரின் கையைப் பிடித்து, "சேர், அந்த மேடையில நிக்கிறதுல எங்க புள்ள எது?" என்று கேட்டார். பிள்ளைக்கு முதலாம் பரிசு. பாட்டிக்கு அந்த முகம் தெரியவில்லை. பெரிய திரை வேண்டும் என்ற பேச்சு அன்றிரவுதான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் நாங்களும் இருந்தோம். அதனால் இப்போது இதை எழுதுவது எங்களுக்கும் இலேசான காரியம் இல்லை.

கொழும்பில் அந்தக் காட்சியறைக்குப் போனபோது மயங்கித்தான் போனோம். கறுப்புச் சுவர்கள், கறுப்புக் கம்பளம், நடுவில் அந்தத் திரை. ஒரு பஞ்சவர்ணக்கிளி சிறகை விரித்தது. பிறகு கடலுக்கடியில் மீன்கள், பிறகு இரவில் ஒரு நகரம், வாணவேடிக்கை. விற்பனைக்கு நின்ற தம்பி மிக மரியாதையானவர். "சேர், இது மைக்ரோ எல்ஈடி. எத்தனை பெனல் சேர்த்தாலும் இணைப்பு தெரியாது. ஒரே கண்ணாடி மாதிரி" என்றார். உண்மையிலேயே ஒரு கோடும் தெரியவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்போம். முற்பணத்துக்கு அதிபரின் கையொப்பம் வேண்டும் என்பதால் தப்பினோம்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் இருக்கும்போதுதான் ஒரு யோசனை வந்தது. நாங்கள் பயிற்சிக் கலாசாலையில் படிக்கும்போது ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்லுவார்: கரும்பலகையில் எழுதிவிட்டு முன்னால் நின்று பார்க்காதீர்கள், கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். இந்தத் திரையை அப்படிப் பார்த்தோமா? கிளியைப் பார்த்தோம், மீனைப் பார்த்தோம். எங்கள் ஹோலில் கிளியும் மீனுமா ஓடப்போகிறது? ஓடப்போவது தரம் 10 கணிதமும் சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாளும். அவையெல்லாம் வெள்ளைத் தாள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் இதே அளவிலான சுவர் இரண்டு வருடமாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, தெரிந்த ஒருவர் மூலம் அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை போனோம். எங்கள் பென் டிரைவில் மூன்றே மூன்று பக்கங்கள். ஒன்று வெறும் வெள்ளை. ஒன்று வெறும் சாம்பல் நிறம். மூன்றாவது, நேர்கோட்டு வரைபுப் பாடம் ஒன்று.

வெள்ளைப் பக்கத்தைப் போட்டதும் கூட வந்திருந்த சின்னப் பிள்ளை கேட்டது: "வாப்பா, ஏன் ஜன்னல் கம்பி தெரியுது?"

ஜன்னல் கம்பியேதான். குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாகக் கோடுகள். சில இடத்தில் மங்கலான கறுப்பு, சில இடத்தில் பளிச்சென்ற வெள்ளை. இரண்டு மூன்று சதுரங்கள் மற்றவற்றைவிட நீலமாக, புதுத் துணியில் ஒட்டுப்போட்டது போல நின்றன. அவை பழுதாகி மாற்றப்பட்டவை என்று அங்கே வேலை செய்பவர் சொன்னார். சாம்பல் பக்கத்தில் இன்னும் மோசம். வரைபுப் பாடத்தைப் போட்டபோது எங்கள் கணித சேர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். Y அச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு அச்சு! இணைப்புக் கோடு சரியாக அங்கே விழுந்திருந்தது. பின்வரிசைப் பிள்ளை எந்தக் கோட்டிலிருந்து எண்ணும்?

பத்தாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கேயும் தெரிந்தது. பிறகு அங்கிருந்தவர் ஒரு கல்யாண வீடியோவைப் போட்டார். கோடுகள் எல்லாம் மாயமாய் மறைந்துவிட்டன.

ஆக, காட்சியறையில் யாரும் பொய்ப்படம் காட்டவில்லை. அசையும் படத்திலும் இருண்ட படத்திலும் இணைப்பு தெரியாது. அசையாத, வெளிச்சமான, ஒரே நிறப் பரப்பில்தான் அது வெளியே வரும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதும் அந்தப் பரப்புத்தான்.

இனி இது ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லாவிட்டால் ஆசிரியர் என்று இருந்து என்ன பயன்.

இந்தச் சுவர் ஒரே தகடு இல்லை. எங்களுக்குத் தந்த வரைபடத்தின்படி 320 மில்லிமீற்றருக்கு 160 மில்லிமீற்றர் அளவுள்ள சின்னச் சின்ன மொடியூல்களைச் சேர்த்துச் செய்வது. பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் ஓடுகிறதே, சிவப்பு எழுத்துப் பலகை, அதில் பெரும்பாலும் இருப்பதும் இதே அளவு மொடியூல்தான். அதில் விளக்குக்கு விளக்கு 10 மில்லிமீற்றர் இடைவெளி, இதில் 2.5 மில்லிமீற்றர். அவ்வளவுதான் உறவுமுறை. எங்கள் சுவரில் குறுக்கே 12, மேலே 15, மொத்தம் 180 மொடியூல்கள். அப்படியென்றால் நிமிர்ந்த இணைப்புகள் 11, கிடை இணைப்புகள் 14. எல்லாவற்றையும் நீட்டிவைத்தால் 80 மீற்றருக்கு மேல் வருகிறது. ஒரு சுவரில் 80 மீற்றர் தையல்!

அந்தத் தையலில் விளக்குகளுக்கிடையே உள்ள தூரம் 2.5 மில்லிமீற்றராகவே இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கால் மில்லிமீற்றர் கூடிவிட்டால் அந்த இடத்தில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு ஐதாகி மங்கல் கோடு விழும். கால் மில்லிமீற்றர் நெருங்கிவிட்டால் பளிச்சென்ற கோடு. கால் மில்லிமீற்றர் என்பது இரண்டு மூன்று தாளின் தடிப்பு. அந்தத் துல்லியத்தில் 180 துண்டுகளையும் பூட்ட வேண்டும், பூட்டிய பிறகும் அது அப்படியே இருக்க வேண்டும். அலுமினியச் சட்டம் சூட்டில் விரியும். 640 மில்லிமீற்றர் சட்டம் 20 பாகை சூடேறினால் 0.3 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். காலையில் மூடுபனி உள்ளே வரும் எங்கள் ஹோலில், விளக்குப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் அவ்வளவு சூடேறுவது பெரிய விஷயமில்லை.

"தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது" என்று சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. நல்ல கண்ணுக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் பிரித்தறியும் எல்லை. அந்தக் கணக்கில் 2.5 மில்லிமீற்றர் இடைவெளி விளக்குகள் எட்டு ஒன்பது மீற்றருக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது, ஒன்றாய்க் கலந்துவிடும். ஆனால் அந்த எல்லை புள்ளிகளுக்குத்தான். நீண்ட கோட்டுக்கு இல்லை.

இதற்கு உதாரணம் எங்கள் ஊரிலேயே தலைக்கு மேல் தொங்குகிறது. மின் நிலையத்திலிருந்து மலைக்கு மலை போகும் உயர்அழுத்தக் கம்பிகளைப் பாருங்கள். கம்பியின் தடிப்பு இரண்டு மூன்று சென்டிமீற்றர். 500 மீற்றர் தூரத்தில் அறுபதில் ஒரு பாகை என்பது 14 சென்டிமீற்றருக்கும் கூட. கணக்குப்படி அந்தக் கம்பி தெரியவே கூடாது. ஆனால் வெளுத்த வானத்தில் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது! அதே தூரத்தில் அதே தடிப்பில் ஒரு கல்லை வைத்தால் தெரியாது. நீளமான கோட்டைப் பிடிப்பதில் மனிதக் கண் கெட்டிக்காரன். ஸஃப்பில் ஒருவர் அரை அடி பின்வாங்கி நின்றால் அடுத்த கணம் கண்ணில் படுவதும் அதனால்தான். ஆக, பத்தாவது வரிசையிலிருந்து விளக்குகள் தெரியாது, தையல் தெரியும்.

இதைச் சரிசெய்ய வழியே இல்லையா? இருக்கிறது. ஓரத்து விளக்குகளின் வெளிச்சத்தை மட்டும் மென்பொருளில் கூட்டிக் குறைத்து அந்தக் கோட்டை மறைக்கலாம். கமராவால் படம் பிடித்து ஒவ்வொரு மொடியூலையும் அளந்து செய்யும் வேலை அது. நன்றாகச் செய்தால் நேரே பார்க்கும்போது மறையும். பக்கவாட்டில் இருப்பவருக்கு, மொடியூல்கள் முன்பின்னாக ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் நிழலாய்த் திரும்ப வரும். ஒரு மொடியூலை மாற்றினால் அந்த இடத்தில் மறுபடியும் செய்ய வேண்டும். அதற்கு ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். எங்கள் விலைப்பட்டியலில் இந்த வேலைக்கு ஒரு வரி கூட இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

இப்போது விலைக்கு வருவோம். அதைவிட, ஒரு சொல்லுக்கு வருவோம்.

விலைப்பட்டியலில் "மைக்ரோ எல்ஈடி" என்று எழுதியிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றக் கடைகளைவிட விலை கூட என்றபோது, "அது சாதாரண எல்ஈடி, இது மைக்ரோ" என்று பதில் வந்தது. நாங்களும் சொன்னோம். பிழை.

மைக்ரோ எல்ஈடி என்று பொதுவாகச் சொல்வது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விளக்குச் சில்லுகளை. எங்களுக்குக் காட்டியது இரண்டு மில்லிமீற்றர் சதுரப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அடைத்த சாதாரண விளக்கு. கல்யாண வீட்டுக்கும் மே தினக் கூட்டத்துக்கும் வாடகைக்கு வருகிற அதே குடும்பம்தான். அது கெட்ட பொருள் இல்லை. ஆனால் பெயர் வேறு.

உண்மையான மைக்ரோ எல்ஈடியின் கதையைக் கேளுங்கள். சோனி கம்பெனி 2012 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 55 அங்குலத் திரை ஒன்றைக் காட்டியது. அதில் அறுபது இலட்சம் அளவிலான சின்ன விளக்குகள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அந்த டீவி கடைக்கு வரவே இல்லை. 2016 இல் அதே கம்பெனி திரும்பி வந்தபோது முழு டீவியாக வரவில்லை. 403 மில்லிமீற்றருக்கு 453 மில்லிமீற்றர் அளவுள்ள துண்டுகளாக, பெரிய நிறுவனங்களுக்கு விற்க வந்தது. 2018 இல் சாம்சங் 146 அங்குலச் சுவரைக் காட்டியது. அதுவும் துண்டுகள். 2020 டிசெம்பரில் சாம்சங் துண்டு துண்டாய்ப் பூட்ட வேண்டாத, தொழிற்சாலையிலேயே முடித்து வரும் 110 அங்குல டீவியை அறிவித்தது. கொரியாவில் விலை 17 கோடி வொன். அன்றைய மதிப்பில் ஒன்றரை இலட்சம் அமெரிக்க டொலர் அளவு.

ஏன் துண்டு? ஏன் இந்த விலை? இரண்டுக்கும் ஒரே காரணம். 4கே திரையில் 83 இலட்சம் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று விளக்கு என்றால் கிட்டத்தட்ட 2 கோடி 49 இலட்சம் விளக்குகள். பத்தாயிரத்துக்கு ஒன்று மட்டுமே பழுது என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 2,500 பழுது விளக்குகள் ஒரு திரையில். ஒரே தகடாகச் செய்தால் எல்லாத் தகடும் பழுதுத் தகடுதான். அதனால் சின்னத் துண்டாய்ச் செய்து, சோதித்து, பழுதைத் திருத்தியோ தள்ளியோ, நல்லதை மட்டும் சேர்க்கிறார்கள். துண்டு சின்னதாக இருந்தால் வீண் குறையும், தையல் கூடும். துண்டு பெரிதாக இருந்தால் தையல் குறையும், வீண் கூடி விலை ஏறும். ஆக, கோடு தெரியாத சுவருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கோட்டை மறைக்கக் கொடுக்கும் பணம்தான்.

பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், துணியை ஒட்டித் தைத்த இடம் கதாநாயகனின் மூக்கில் விழும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெரிய தியேட்டர்த் திரைகளும் பட்டை பட்டையாய் ஒட்டியவைதான். கீழே கித்துல்கலையில் எடுத்து 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தையும் உலகம் அப்படி ஒட்டுப்போட்ட திரைகளில்தான் பார்த்திருக்கும். தையல் புதிய வியாதி இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த 110 அங்குல டீவியின் பரப்பு 3.3 சதுர மீற்றர் அளவு. எங்கள் சுவர் 9.2 சதுர மீற்றர். அதே பொருளை அதே விலைக்கு எங்கள் அளவில் வாங்கினால், டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும், 12 கோடி ரூபாய் வரும். எங்கள் விலைப்பட்டியல் முப்பது இலட்சம். நாற்பதில் ஒரு பங்கு! நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த டீவியில் விளக்குப் புள்ளிகளுக்கிடையே 0.63 மில்லிமீற்றர்தான், அதனால் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. இடைவெளியைப் பாதியாக்கினால் விளக்கு நாலு மடங்காகும், விலையும் அதன் பின்னால் ஓடும். எங்கள் சுவரில் மொத்தம் 1536க்கு 960 புள்ளிகள், அதாவது பதினான்கு இலட்சத்துச் சொச்சம். ஒரு சாதாரண ஃபுல் எச்டி டீவியில் இருபது இலட்சத்துக்கு மேல். உங்கள் வீட்டு டீவியை விடக் குறைந்த விவரத்தைத்தான் அந்தப் பெரிய சுவர் காட்டப்போகிறது. வினாத்தாளின் சின்ன எழுத்தை அதில் வாசிக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

அந்த விற்பனைத் தம்பி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவருக்குக் கொடுத்த அட்டையில் அப்படி இருந்திருக்கும். ஆனால் முப்பது இலட்சம் என்பது, 2024 இல் 1350 ரூபாய் ஆன நாட்சம்பளத்தில் 2,222 நாள் கொழுந்து. ஒரு சொல்லுக்காக அதில் ஒரு நாளைக்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

சரி, மைக்ரோ வேண்டாம், சாதாரண எல்ஈடியையே சரியான விலைக்கு வாங்குவோமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் எங்கள் ஊர் மழை வருகிறது.

வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கம் நாட்டிலேயே அதிக மழை விழும் பிரதேசம். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டும். எங்கள் ஹோலில் டிசெம்பர் விடுமுறை முடிந்து வந்தால் மேசையில் பூஞ்சணம், புத்தகத்தில் பூஞ்சணம். இந்த விளக்குப் பெட்டிகளுக்குள் ஈரம் இறங்கும். ஈரம் இறங்கிய விளக்கைத் திடீரென்று முழு வெளிச்சத்தில் போட்டால் சூட்டில் வெடித்தோ பிரிந்தோ செத்துப்போகும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவையாவது போடச் சொல்லியும், நெடுநாள் மூடிக் கிடந்தால் முதலில் மெல்லிய வெளிச்சத்தில் சில மணித்தியாலம் சூடாக்கச் சொல்லியும் இதைச் செய்பவர்களே அறிவுறுத்துகிறார்கள். வருடத்தில் ஐந்தாறு நாள் மட்டும் பாவிக்கப்போகும் ஒரு பாடசாலை, இலங்கையின் மிக ஈரமான மூலையில். இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடைக்குமா தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் போடுவது யார்? விடுமுறையில்? மின்கட்டணம் யார் பொறுப்பு? முழு வெளிச்சத்தில் சதுர மீற்றருக்கு 500 வொட் என்று வைத்தாலும் நாலரைக் கிலோவொட் வரும். 1969 இல் தொடங்கிய மின் நிலையத்தை வாசலில் வைத்துக்கொண்டு கரண்ட் பில்லுக்குப் பயப்படும் ஊர் நாங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததும் இந்த ஊர்தான்.

பழுதானால்? மொடியூல்கள் தொகுதி தொகுதியாக வருகின்றன. ஒரு தொகுதியின் சிவப்பும் இன்னொரு தொகுதியின் சிவப்பும் ஒன்றில்லை. தையல்காரரிடம் போய் இரண்டு வருடத்துக்கு முந்திய யூனிபோர்ம் துணியோடு புதுத் துணியை ஒட்டுப்போட்டுப் பாருங்கள், அதே கதை. ஹட்டனில் நாங்கள் பார்த்த நீலச் சதுரங்கள் அவைதான். அதனால் வாங்கும்போதே அதே தொகுதியிலிருந்து மேலதிக மொடியூல்களை வாங்கி வைக்க வேண்டும். எங்கள் பட்டியலில் மேலதிகம் இரண்டே இரண்டு. 180க்கு இரண்டு!

இன்னும் ஒன்று. பரிசளிப்பு விழாவில் எல்லோரும் போனில் வீடியோ எடுப்பீர்கள். திரை ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்பது குறைந்தால் உங்கள் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 1920 தடவை, 3840 தடவை என்று இரண்டு வகை விற்கிறார்கள். எங்களுக்கு எந்த வகை என்று விலைப்பட்டியலில் இல்லை. கேட்டபோது "நல்லது சேர்" என்று பதில்.

"அடுத்த ஸ்கூல்ல வச்சிருக்காங்களே, நம்ம பிள்ளைங்க மட்டும் குறைஞ்சவங்களா?" என்று கூட்டத்தில் ஒரு தகப்பன் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வலி எங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் பழசும் மிச்சமும்தான் வந்திருக்கிறது. ஒரு தடவையாவது புதுசாய், பெரிசாய் ஒன்று வரட்டும் என்ற ஆசை அது. அதற்கு எதிராக ஒரு வாதத்தை வைத்து வெல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் நானா, இரண்டு வருடத்தில் நீலச் சதுரமும் செத்த விளக்குமாய் நிற்கும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் கூட்டத்துக்கு நிற்பார்கள். ஏற்கெனவே ஒரு ஸ்மார்ட் போர்ட் ஒரு பாகம் கிடைக்காமல் மூன்று வருடமாகத் துணி போர்த்தி மூலையில் நிற்பதை நாங்கள் வேறொரு பாடசாலையில் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் அதைக் கடந்து போகும்போது பார்க்கும் பார்வையையும் பார்த்திருக்கிறோம்.

எல்ஈடி சுவருக்கு உரிய இடமும் இருக்கிறது. லாஸ் வேகாஸில் 2023 இல் திறந்த ஸ்பியர் என்ற உருண்டைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் 12 இலட்சம் விளக்கு வட்டுகள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் எட்டு அங்குலம். யாருக்கும் இடைவெளி தெரிவதில்லை, ஏனென்றால் பார்ப்பவர்கள் தெருவுக்கப்பால், விமானத்தில். அசையும் படம், தூரம், இரவு. எங்கள் பரிசளிப்பு விழாவும் ஓரளவு அப்படித்தான்: மேடையில் பிள்ளையின் முகம், அசையும் படம், தூரத்தில் வராந்தாவில் பாட்டி. அன்றைக்கு அந்தச் சுவர் மிக நல்ல பொருள். அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்போம். பூட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதும் ஈரத்திலிருந்து காப்பதும் வாடகைக்காரரின் தலைவலி. நாங்கள் விசாரித்த வாடகையைப் பார்த்தால், முப்பது இலட்சத்துக்கு நாங்கள் ஓய்வுபெறும் வரை எடுக்கலாம்.

பாடத்துக்கு, வகுப்பறைக்கு 75 அங்குல டீவி போதும். ஒரே தகடு, ஒரு தையலும் இல்லை, வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். அதே தொகைக்கு ஆறு டீவி வரும் என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டோம். ஆறும் இப்போது வேண்டாம். இரண்டை வாங்கி, மிச்சத்தில் வராந்தாக் கூரையை நீட்டி மழைக்கு மறைப்புக் கட்டினால், அடுத்த விழாவில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் அம்மாமார் நனையாமல் உட்காரலாம். இது எங்கள் விருப்பம். முடிவு உங்களுடையது.

இல்லை, எப்படியும் சுவர்தான் வேண்டும் என்று கூட்டம் முடிவெடுத்தால் நாங்கள் எதிர்த்து நிற்கப்போவதில்லை. அப்போது இவ்வளவையாவது எழுத்தில் வாங்குங்கள்: விலைப்பட்டியலில் "மைக்ரோ" என்ற சொல்லை வெட்டிவிட்டு விளக்கின் அளவும் இடைவெளியும், அதே தொகுதி மொடியூல்கள் நூற்றுக்கு ஐந்து வீதமாவது மேலதிகம், பூட்டி முடித்து ஒரு மணித்தியாலம் சூடேறிய பிறகு வெள்ளையும் சாம்பலும் போட்டுக் காட்டி, பத்தாவது வரிசையிலிருந்து நாங்கள் பார்த்துச் சரியென்ற பிறகே கடைசிப் பணம். விலைப்பட்டியல் ஏழு நாளைக்குத்தான் செல்லும் என்று அவசரப்படுத்துவார்கள். 2022 இல் இருநூறாய் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் முந்நூற்று அறுபதானதைக் கண்டவர்கள் நாங்கள், அவர்களுடைய பயமும் புரிகிறது. ஆனால் ஏழு நாளில் முடிவெடுக்க வேண்டிய பணம் இதுவல்ல.

கூட்டம் வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஹோலில், இன்ஷா அல்லாஹ். ஹட்டனில் நாங்கள் எடுத்த படங்களை அங்கே காட்டுவோம். கல்யாண வீடியோவும் இருக்கிறது, வெள்ளைப் பக்கமும் இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். அதற்கு முதல் நீங்களே எங்காவது ஒரு சுவரைப் போய்ப் பார்க்க விரும்பினால், அந்த மூன்று பக்கங்களும் உள்ள பென் டிரைவ் பாடசாலை ஒபீஸில் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், வெள்ளிக்கிழமைக்கு முதல் திருப்பித் தந்துவிடுங்கள். எங்களிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.